காங்கிரீட்டில் ஊற்றும் கெமிக்கல்கள்: எது வேண்டும், எவ்வளவு, எப்போது? வீடு கட்டுபவர்களுக்கு முழு வழிகாட்டி

ரூஃப் போடுவதற்கு முந்தின சாயங்காலம் மேஸ்திரியிடமிருந்து போன் வரும். "சார், வாட்டர்ப்ரூஃப் 20 லிட்டர் வாங்கி வெச்சிடுங்க, அப்படியே அந்த பிளாஸ்டிசைசரும் ஒரு கேன் பாத்து வாங்கிடுங்க." கடைக்குப் போனால் கடைக்காரர் எதில் லாபம் அதிகமோ அதை எடுத்துத் தருவார். டப்பாவில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அவரும் படித்திருக்க மாட்டார், வாங்குகிற நாமும் படிப்பதில்லை. மறுநாள் கொத்தனார் ஒரு மூடி ஊற்றுவார், சித்தாள் இரண்டு மூடி ஊற்றுவார், மதியத்துக்குள் கேன் காலி.

இந்தக் கெமிக்கல்களில் முக்கால்வாசி ஒரே வேலைக்குத்தான் பிறந்தவை: தண்ணீரைக் குறைப்பதற்கு. தண்ணீரை அளக்காத சைட்டில் எதை ஊற்றினாலும் காசுதான் கரையும். அதனால் இந்த வழிகாட்டி கெமிக்கலில் ஆரம்பிக்காமல் தண்ணீரில் ஆரம்பிக்கிறது.

படி 1: தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்

50 கிலோ மூட்டை சிமெண்ட் முழுசாக வினைபுரிய, அதற்குள் கட்டுண்டு போகிற தண்ணீர் சுமார் 12 லிட்டர்தான். அந்த வினையில் உருவாகும் பசையின் நுண்துளைகளுக்குள் இன்னொரு ஏழெட்டு லிட்டர் தங்கும். ஆக 20 லிட்டர். அதற்கு மேல் நாம் ஊற்றுவதெல்லாம் கலவை இளகி, கம்பிக்கு நடுவே இறங்குவதற்காக மட்டும். பின்னால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும், அது இருந்த இடம் துளையாகவே நிற்கும். மழைத்தண்ணீர் உள்ளே வருவதும், கடற்கரை ஊர்களில் உப்பு கம்பியைத் தொடுவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தைத் தீர்மானிக்கிறது என்பதை டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே எழுதிவிட்டார், நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் சைட்டுகளுக்கு அது வந்து சேரவில்லை.

ஐஎஸ் 456 என்ற நம் காங்கிரீட் தரநூல், 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) என்று நாம் போடுகிற எம்20 என்ற பலத் தரக் கலவைக்கு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது. இது மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தான். இங்கேதான் கணக்கு தப்புகிறது. ஒரு மூட்டைக்குப் போகிற எம்-சாண்ட் ஏறக்குறைய 80 கிலோ. முந்தின நாள் மழை பெய்து அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால், நீங்கள் வாளியைத் தொடுவதற்கு முன்பே 4 லிட்டர் தண்ணீர் உள்ளே போயாச்சு.

காலி பெயிண்ட் வாளி ஒன்றில் லிட்டர் லிட்டராக ஊற்றி, ஆணியால் கோடு போட்டு வையுங்கள். மிக்ஸருக்குள் ஹோஸ் பைப்பை நீட்டி "போதும் போதும்" என்று கத்துகிற முறையை அன்றைக்கு மட்டுமாவது நிறுத்துங்கள். இதைச் செய்ய முடியாது என்றால் மீதியைப் படிக்க வேண்டாம், கெமிக்கல் வாங்காமலே ரூஃப் போடுங்கள். நிஜமாகவே அதுதான் சிக்கனம்.

படி 2: உங்கள் பிரச்சினை எது?

"எல்லாரும் ஊத்தறாங்க" என்பது காரணமில்லை. பொதுவாக வருகிற தேவைகளை எடுத்துக்கொள்வோம்.

கலவை இறுக்கமாக இருக்கிறது, பீமில் கம்பி நெருக்கம், வைப்ரேட்டர் போட்டும் இறங்கவில்லை. இதற்குத்தான் பிளாஸ்டிசைசரும் சூப்பர் பிளாஸ்டிசைசரும். சிமெண்ட் துகள்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தோசை மாவில் கட்டி விழுகிற மாதிரி, ஆனால் இங்கே கட்டிக்குள் தண்ணீரும் சேர்ந்து சிறைப்படும். கெமிக்கல் போய்த் துகள்மேல் படிந்து அவற்றை விலக்கிவிடுகிறது. சிக்கியிருந்த தண்ணீர் வெளியே வருவதால், ஒரு சொட்டு கூடச் சேர்க்காமலே கலவை இளகும்.

இதில் மூன்று தலைமுறை உண்டு. பழையது லிக்னோசல்ஃபோனேட், காகித ஆலைக் கூழ் தயாரிப்பில் மிஞ்சுவது, பழுப்பு நிறம், விலை குறைவு, 5 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் குறைக்கும். அடுத்தது 1960-களில் ஜப்பானில் வந்த நாப்தலீன் வகை, கடைக்காரர்கள் எஸ்என்எஃப் என்பார்கள், 15 முதல் 25 சதவீதம் வரை குறைக்கும். மூன்றாவது பிசிஇ, அதாவது பாலிகார்பாக்சிலேட் ஈதர், இதுவும் ஜப்பானில் 1980-களில் பிறந்ததுதான், 30 சதவீதத்துக்கு மேலும் குறைக்க வல்லது. எது பெரியதோ அதையே வாங்கலாமே என்று தோன்றும். தனி வீட்டுக்கு நான் எஸ்என்எஃப்தான் சொல்வேன். பிசிஇ ரொம்ப நுணுக்கமான சரக்கு. எம்-சாண்டில் களிமண் கலந்த தூசு இருந்தால் அந்தக் களிமண்ணே கெமிக்கலை விழுங்கிவிடும். காலையில் வந்த லோடுக்கு ஓடிய கலவை மதியம் வந்த லோடுக்கு ஓடாது. டோஸில் கொஞ்சம் கை கூடினாலும் ஜல்லி தனி, சிமெண்ட் பால் தனி என்று பிரிந்துவிடும். தராசு வைத்து எடை போட்டுக் கலக்கிற ரெடிமிக்ஸ் பிளாண்டில் அது ராஜா, சட்டிக் கணக்கில் கலக்குகிற சைட்டில் தொல்லை.

வெயில். வேலூர், திருச்சி பக்கம் மே மாதம் பத்து மணிக்கு மேல் காங்கிரீட் போட்டவர்களுக்குத் தெரியும், கொட்டி முடிப்பதற்குள் முந்தின பகுதி இறுகத் தொடங்கும், ஒட்டுகிற இடத்தில் கோல்ட் ஜாயிண்ட், அதாவது பழசும் புதுசும் சேராத கோடு விழும், பின்னால் அந்தக் கோட்டிலேயே ஒழுகும். இதற்கு ரிடார்டர், இறுகுவதைத் தள்ளிப்போடுவது. தனியாக வாங்க வேண்டாம், ரிடார்டர் சேர்ந்த சூப்பர் பிளாஸ்டிசைசராகவே கிடைக்கும். ஆனால் ஒன்று, மெதுவாக இறுகுகிற காங்கிரீட்டின் மேல்பரப்பு அதிக நேரம் பச்சையாகவே காற்றிலும் வெயிலிலும் கிடக்கும், அதனால் மேலே மயிரிழை வெடிப்பு வருகிற வாய்ப்பும் கூடும். ரிடார்டர் போட்டால் ஈரச் சாக்கும் தார்ப்பாயும் கையோடு தயாராக இருக்க வேண்டும். காசு செலவில்லாத ரிடார்டர் ஒன்று உண்டு: விடியற்காலை 5 மணிக்கு வேலையை ஆரம்பிப்பது.

சொல்ல வந்த இடத்தில் கருப்பட்டியையும் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தார்கள், உண்மைதான், அது சுண்ணாம்புக்கு. "நம்ம பாரம்பரியம்" என்று யாராவது சிமெண்ட் காங்கிரீட்டிலும் ஊற்றச் சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள். சர்க்கரை சிமெண்டுக்கு மிகக் கடுமையான ரிடார்டர். மூட்டைக்கு 25 கிராம் போனாலே இறுகுவது சில மணி நேரம் தள்ளிப்போகும், 100 கிராமைத் தாண்டினால் இறுகாமலே கூடக் கிடக்கும். வழியில் மாட்டிக்கொண்ட மிக்ஸர் லாரியின் டிரம்முக்குள் காங்கிரீட் கல்லாகிவிடாமல் இருக்க சர்க்கரையைக் கொட்டுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுகக்கூடாது. அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றமளிப்பதும் இந்த வாட்டர்ப்ரூஃப் திரவம்தான். மூட்டைக்கு 200 மில்லி என்று போட்டிருப்பதில் பல உண்மையில் லேசான பிளாஸ்டிசைசர்கள், சிலதில் நீரை விலக்கும் ஸ்டியரேட் மாதிரியான பொருள்கள் இருக்கும். முதல் வகை என்றால், தண்ணீரைக் குறைக்காமல் ஊற்றும்போது பலன் ஏறக்குறைய பூஜ்யம். இன்னொன்று, ரூஃப் ஒழுகுவது பெரும்பாலும் நல்ல காங்கிரீட்டின் உடம்பு வழியாக இல்லை. வெடிப்பு, வைப்ரேட்டர் படாத சொட்டை, பைப் இறங்குகிற ஓட்டை, பாரபெட் சுவரின் அடி, தண்ணீர் ஓடச் சரிவு இல்லாமை, இவைதான் வழி. இதில் எதையும் 200 மில்லி திரவம் அடைக்காது. சம்ப், செப்டிக் டேங்க், பாத்ரூம் ஸ்லாப் ஆகியவற்றுக்குத் தண்ணீரையும் குறைத்து இதையும் போடுங்கள், தப்பில்லை, ஐஎஸ் 2645 என்ற எண் டப்பாவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சீக்கிரம் இறுகணும், பலகையைப் பிரிக்கணும். நம் ஊர் வெயிலில் ஆக்சிலரேட்டருக்கு வேலையே இல்லை. மலிவான ஆக்சிலரேட்டர் என்றால் கால்சியம் குளோரைடு, அது கம்பியைத் தின்னும். கம்பி உள்ள காங்கிரீட்டில் மொத்தக் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்று ஐஎஸ் 456 கட்டுப்படுத்துகிறது, இந்தக் கணக்கில் தண்ணீர், மணல், ஜல்லி, கெமிக்கல் எல்லாவற்றிலும் வருகிற உப்பும் சேரும். சென்ட்ரிங் வாடகையை மிச்சம் பிடிக்க நினைத்தால் நிதானியுங்கள்: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இதுவும் சாதாரண சிமெண்டுக்கான கணக்கு, மற்ற சிமெண்ட் என்றால் இன்னும் தள்ளிப்போடலாம்.

கடலோரம். எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரை கடல்காற்று படுகிற வீடுகளுக்குக் கம்பி துரு தடுப்பான் என்று கால்சியம் நைட்ரைட் வகை விற்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் அது மூன்றாவது வரிசைப் பாதுகாப்பு. முதலில் அடர்த்தியான காங்கிரீட், அதாவது தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45, எம்20-ஐவிட பலமான எம்30 தரம். இரண்டாவது, கம்பிக்கு வெளியே போதுமான கவர், அதாவது கம்பியை மூடுகிற காங்கிரீட் கனம், கவர் பிளாக் வைத்து. அப்புறம் உங்கள் போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பாருங்கள், கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கலந்துவிட்டு துரு தடுப்பான் ஊற்றுவதில் அர்த்தமில்லை.

ஃபைபர், அந்த வெள்ளை நார்ப் பாக்கெட், பச்சைக் காங்கிரீட்டில் வருகிற மேல் வெடிப்பைக் குறைக்கும், கம்பிக்குப் பதில் ஆகாது. காற்றுக் குமிழி உண்டாக்கும் ஏர் என்ட்ரெய்னர் பனி உறைகிற தேசங்களுக்கானது, யாராவது விற்க வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 3: சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் படியுங்கள்

சேர்மானம் என்றால் கேனில் வருவது மட்டும் இல்லை, நீங்கள் வாங்கும் மூட்டைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. பிபிசி (போர்ட்லேண்ட் போசலானா சிமெண்ட்) என்றிருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல், அதாவது ஃப்ளை ஆஷ். பிஎஸ்சி (போர்ட்லேண்ட் ஸ்லாக் சிமெண்ட்) என்றால் இரும்பாலைக் கசடு 25 முதல் 70 சதவீதம் வரை. ஓபிசி, அதாவது சாதாரண சிமெண்ட் என்றால் இவை கிடையாது. "சாம்பல் கலந்த சிமெண்டா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். சிமெண்ட் வினையில் மிஞ்சுகிற சுண்ணாம்பைப் பிடித்து, அதையும் பசையாக்கித் துளைகளை அடைப்பது இந்தச் சாம்பல்தான், நீர் புகாமைக்கு அந்த 200 மில்லி திரவத்தைவிட இதுவே மேல். சூடும் குறைவாகக் கிளம்பும்.

ஆனால் அதன் வேலை மெதுவானது, ஈரம் இருந்தால்தான் நடக்கும். ஓபிசிக்கு 7 நாள் க்யூரிங் போதும் என்றால் இதற்குக் குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14 நாள். பிபிசி வாங்கிவிட்டு, சைட்டில் தனியாக மேலும் ஃப்ளை ஆஷ் கொட்டுவது மட்டும் வேண்டாம், மூட்டைக்குள் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. அதெல்லாம் ஓபிசியை வைத்து பிளாண்டில் எடை போட்டுச் செய்கிற வேலை. சிலிக்கா ஃப்யூம் பாலத்துக்கும் உயர்மாடிக்கும் போகிற சரக்கு, வீட்டுக்குத் தேவையில்லை.

படி 4: வாங்கும்போது

பிளாஸ்டிசைசர், ரிடார்டர் வகைகளுக்கு ஐஎஸ் 9103 என்ற எண் இருக்க வேண்டும். தயாரித்த தேதி, காலாவதி தேதி, எந்த வகை, சிமெண்ட் எடையில் எத்தனை சதவீதம் டோஸ், குளோரைடு எவ்வளவு, அடர்த்தி எவ்வளவு, இவை டப்பாவிலோ கம்பெனியின் டேட்டா ஷீட்டிலோ இல்லையென்றால் அந்தச் சரக்கு வேண்டாம். பெரிய டிரம்மிலிருந்து லூஸாக ஊற்றித் தருவதை வாங்கவே கூடாது.

அளவுக்கு ஒரு உதாரணம். 1000 சதுர அடி, 5 இன்ச் ரூஃப் என்றால் பீமை விட்டுவிட்டு சுமார் 417 கன அடி, 11.8 கன மீட்டர். எம்20-க்கு கன மீட்டருக்கு 8 மூட்டை என்ற கணக்கில் ஏறக்குறைய 95 மூட்டை. டோஸ் 0.6 சதவீதம் என்றால் மூட்டைக்கு 300 கிராம், மொத்தம் 28.5 கிலோ. கிராமை மில்லியாக்க அடர்த்தியால் வகுக்க வேண்டும்: 1.2 அடர்த்தி என்றால் 300 கிராம் என்பது 250 மில்லி. மேஸ்திரிகள் கிராமையும் மில்லியையும் ஒன்றாகவே நினைத்து ஊற்றுவதால் டோஸ் ஐந்தில் ஒரு பங்கு எகிறிவிடும். உச்சவரம்பும் தெரிந்திருக்கட்டும்: சிமெண்ட் எடையில் ரிடார்டர் 0.5, பிளாஸ்டிசைசர் 1, சூப்பர் பிளாஸ்டிசைசர் 2 சதவீதம்.

படி 5: ரூஃபுக்கு முன்னால் ஒரு மூட்டை சோதனை

இதைத்தான் யாரும் செய்வதில்லை, இதுதான் முக்கியம். எல்லாக் கெமிக்கலும் எல்லா சிமெண்டோடும் ஒத்துப்போகாது. ஒரு சிமெண்டில் ஒரு மணி நேரம் இளகி நிற்பது இன்னொன்றில் பதினைந்து நிமிஷத்தில் விறைத்துவிடும். அதனால் ரூஃபுக்கு ஒரு வாரம் முன்பு, அதே சிமெண்ட், அதே மணல், அதே ஜல்லி வைத்து ஒரு மூட்டை போடுங்கள். வீணாகாது, பக்கத்தில் ஒரு படிக்கட்டுக்கோ தரைக்கோ பயன்படும்.

மணல் ஈரத்தையும் சேர்த்து 25 லிட்டர் தண்ணீரில், அதாவது 0.5 விகிதத்தில், குறைந்த டோஸில் ஆரம்பித்து ஸ்லம்ப் பாருங்கள். ஸ்லம்ப் கோன் என்பது 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பு, மூன்று அடுக்காக நிரப்பி ஒவ்வொன்றையும் 25 முறை கம்பியால் குத்தி, மேலே மட்டம் செய்து, நேராகத் தூக்க வேண்டும். கலவை எவ்வளவு அமுங்கியது என்பதே அளவு. கம்பி நெருக்கமான ஸ்லாப், பீமுக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் போதும். அதை அப்படியே விட்டு அரை மணி கழித்து மறுபடி கலக்கி இன்னொரு முறை எடுங்கள். அதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால், அந்தக் கெமிக்கலும் உங்கள் சிமெண்டும் சேரவில்லை என்று அர்த்தம், வேறு மாற்றுங்கள். கூடவே 15 சென்டிமீட்டர் கியூப் ஆறு போட்டு, மூன்றை 7-வது நாளும் மூன்றை 28-வது நாளும் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் லேபில் உடைத்துப் பார்க்கலாம்.

படி 6: ஊற்றுகிற வரிசை

காய்ந்த சிமெண்ட் மேலோ காய்ந்த மணல் மேலோ கெமிக்கலை ஊற்றாதீர்கள், அங்கேயே உறிஞ்சிக்கொண்டு கலவை முழுக்கப் பரவாது. 25 லிட்டரில் மணல் ஈரத்தைக் கழித்து, வருகிறதில் 5 லிட்டரை எடுத்து வைத்துவிட்டு மற்றதை முதலில் மிக்ஸரில் விட்டு, ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் போட்டு நனைந்து சுற்றட்டும். மீதி 5 லிட்டரில் அளந்த கெமிக்கலைக் கலக்கி அதற்கப்புறம் ஊற்றுங்கள். சிமெண்ட் ஏற்கெனவே நனைந்திருப்பதால் அதே டோஸ் கூடுதலாக வேலை செய்யும். சாதாரணமாக 2 நிமிஷம் சுற்றினால் போதும், கெமிக்கல் போட்டால் இன்னும் ஒரு நிமிஷம் விடுங்கள். முதல் அரை நிமிஷம் இறுக்கமாகத்தான் தெரியும், உடனே தண்ணீர் வாளியைத் தூக்குவார்கள், அந்த நேரத்தில் நீங்கள் மிக்ஸர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அளப்பதற்கு மூடி வேண்டாம், மருந்துக்கடை அளவு கப் ஒன்று வையுங்கள். ஊற்றுகிற வேலையை ஒரே ஆளிடம் கொடுங்கள், மூட்டைக்கு ஒரு கோடு சுவரில் போடச் சொல்லுங்கள். இரண்டு கெமிக்கல் போடுவதென்றால் தனித்தனியாக ஊற்ற வேண்டும், ஒரே கப்பில் கலக்கக்கூடாது. நாப்தலீன் வகையும் பிசிஇ வகையும் எந்த வழியிலும் சேரவே கூடாது, கலவை குழகுழவென்று கெட்டிப்பட்டுவிடும்.

படி 7: ரெடிமிக்ஸ் என்றால்

இங்கே கெமிக்கலைப் பற்றி நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, அதை பிளாண்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், வந்த காங்கிரீட்டை நீங்கள் காவல் காத்தால் போதும். சலானை வாங்கி லோடு ஏற்றிய நேரத்தைப் பாருங்கள், ரிடார்டர் சேர்க்காத காங்கிரீட் என்றால் 2 மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். கெமிக்கலின் பெயரும் அளவும் அதில் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். ட்ராஃபிக்கில் மாட்டி இறுக்கமாக வந்துவிட்டால், பம்ப் ஓட்டுகிறவர் லாரியின் தண்ணீர் டேங்கைத் திறக்கச் சொல்வார். விடாதீர்கள். பிளாண்டுக்குப் போன் போட்டு, அவர்களுடைய ஆள் அதே கெமிக்கலை அளந்து சேர்த்து, குறைந்தது 5 நிமிஷம் டிரம்மை வேகமாகச் சுற்ற வேண்டும். எந்த நிலையிலும் நீங்கள் கடையில் வாங்கிய கேனை அதில் ஊற்றக்கூடாது.

படி 8: தப்பிப்போனால்

டோஸ் கூடி ஜல்லி பிரிந்து பால் தனியே ஓடுகிறதா? அந்தத் தொகுதியை ரூஃபில் கொட்டாதீர்கள், அதன்மேல் சிமெண்டைத் தூவிச் சரிக்கட்டவும் வேண்டாம், கீழே தரைக்குப் போகட்டும்.

ஏற்கெனவே கொட்டியாச்சு, மறுநாள் காலையிலும் காங்கிரீட் பச்சையாகவே இருக்கிறது என்றால், முதலில் யாரையும் மேலே ஏற விடாதீர்கள். கெமிக்கல் டோஸ் கூடியதால் வந்த தாமதம் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் இறுகிவிடும், பலமும் வரும், அதுவரை ஈரச் சாக்கு போட்டு காயாமல் காப்பதுதான் வேலை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை இறுகின பிறகு ஆரம்பியுங்கள். முட்டு பிரிக்கும் நாளை அந்தத் தாமதத்துக்கும் சேர்த்துத் தள்ளிப்போடுங்கள். மூன்றாவது நாளும் ஆணியால் கீறினால் மண் மாதிரி உதிர்ந்தால் காத்திருக்க வேண்டாம், இன்ஜினியரைக் கூப்பிட்டு, ரிபவுண்ட் ஹேமர் (மேலே தட்டிப் பலம் பார்க்கிற கருவி) வைத்தோ கோர் (துளைத்தெடுக்கிற உருளைத் துண்டு) எடுத்தோ எப்போது சோதிப்பது என்று முடிவு செய்யுங்கள், அதற்குள் மேலே பூசி மறைக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.